சொந்தக் காரில் பந்தயத் தடம்: மலையிலிருந்து இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கையில் ஹெல்மெட்டுடன் மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் குன்னூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "வண்டி எங்கே தம்பி?" என்று கேட்டார். பைக் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டப் போனேன், பகல் பன்னிரண்டு மணிக்குள் பிரேக் மிதி தரையைத் தொட்டுவிட்டது, காரைக் கோவையில் ஒரு பட்டறை வாசலில் விட்டுவிட்டு வருகிறேன் என்றெல்லாம் விளக்குகிற தெம்பு அப்போது இல்லை.

இந்த ஆண்டு மறுபடியும் போனேன். அதே ஏழு வயது ஸ்விஃப்ட். நான்கு சுற்று நேரமும் (ஒவ்வொன்றும் பதினைந்து நிமிட ஓட்டம்) முழுதாக ஓட்டி, மறுநாள் அதே காரில் பர்லியார் வழியாக வீடு வந்து சேர்ந்தேன். இரண்டு பயணங்களுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோவைக்காரர் தடத்தில் காரைக் கெடுத்துக்கொண்டால் மெதுவாக ஓட்டியாவது வீடு போய்விடுவார். நாம் அந்தக் காரிலேயே 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

தடத்தில் நடப்பதெல்லாம் ஒன்றல்ல. பந்தயம் என்றால் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம் வேண்டும். காருக்குள் பாதுகாப்புக் கூண்டு முதலியவை வேண்டும். அது உங்களுக்கு இப்போது தேவையில்லை. கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடும் நேர ஓட்டங்கள் உண்டு; அவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புதியவர் தேட வேண்டியது 'டிராக் டே' எனப்படும் திறந்த நாள். கட்டணம் கட்டினால், உங்கள் சாலைக் காரைப் பதினைந்து, இருபது நிமிடச் சுற்று நேரங்களாகப் பிரித்து ஓட்டவிடுவார்கள். வெற்றி தோல்வி கிடையாது. புதியவர்களுக்குத் தனிப் பிரிவும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளும் இருக்கிற நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். "எல்லாரும் ஒன்றாக ஓட்டலாம்" என்று விளம்பரம் செய்திருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் பின்கண்ணாடியில் மூன்று மடங்கு சக்தியுள்ள கார் ஒன்று திடீரென்று பெரிதாகத் தெரிவது முதல் நாளில் வேண்டாத அனுபவம்.

நமக்குப் பக்கம், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டைத் தடம் கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர், அங்கே வேகம் அதிகம், பயணமும் நீளம். முதல் முறைக்குச் செட்டிப்பாளையம் போதும். தடம் சிறியதாக இருந்தால் ஒரே வளைவு ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். செய்த தவறு நினைவில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம்.

மாதம் பற்றி ஒரு சொல். ஏப்ரல், மே வேண்டாம். மேலே சீசன் நெரிசல். குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்கும் என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். கீழே நம்மால் தாங்க முடியாத வெயில். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. குன்னூர் பாதையில் எப்போது மண் சரியும், எப்போது மரம் விழும் என்று சொல்ல முடியாது. தடத்துக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்ப வராது. நான் இரண்டாம் முறை ஜனவரியில் போனேன், அதைத்தான் பரிந்துரைப்பேன்.

பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழையோ விபத்தோ காரணமாக ஒரு சுற்று நேரம் பாதியில் நின்றால் ஈடு உண்டா? நான் வரமுடியாவிட்டால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாமா? தொலைபேசியில் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொல்வது பதில் ஆகாது.

2. ஆவணங்களை இரண்டு வாரம் முன்பே ஒரு கவரில் போடுங்கள்

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீட்டுச் சான்று, புகைச் சான்று, ஆதார் நகல். இவற்றின் அசலோடு நகல் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். மின்னணு வடிவம் போதும் என்று பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தடத்து வாசலில் கைபேசியில் சார்ஜ் இல்லாமல் நின்ற ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

நான் விழுந்த குழி வேறு. என் காரின் ஆர்.சி. என் மாமனார் பெயரில் இருக்கிறது. நான்கு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன், சோதனைச் சாவடியில் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. முதல் முறை போனபோது தடத்து வாசலில் கேட்டார்கள். உரிமையாளர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இல்லாமல் கார் உள்ளே போகாது என்றார்கள். மாமனார் கோத்தகிரியில், காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில். அவரைத் தேடிப் பிடித்து, வெள்ளைத்தாளில் எழுதவைத்து, பக்கத்து வீட்டுப் பையன் படமெடுத்து அனுப்பி, அதை ஏற்றுக்கொள்ள வைப்பதற்குள் என் முதல் சுற்று நேரம் முடிந்துவிட்டது. கார் அப்பா, மனைவி, நிறுவனம் என யார் பெயரில் இருந்தாலும் கடிதம் வாங்கிவிடுங்கள். அதில் கார் எண், தேதி, தடத்தின் பெயர் மூன்றும் இருக்கட்டும். உரிமையாளரின் அடையாள அட்டை நகலையும் கூடவே இணையுங்கள். கடனில் இருக்கும் கார் என்றால் கடன் பத்திரத்தில் பந்தயப் பயன்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள்.

வாசலில் ஒரு பொறுப்புத் துறப்புப் படிவம் நீட்டுவார்கள். உயிருக்கும் காருக்கும் நானே பொறுப்பு, தடுப்புச் சுவரையோ டயர் அடுக்கையோ இடித்தால் அதற்கான செலவை நானே கட்டுவேன் என்பது அதன் சாரம். பின்னால் வரிசை நிற்கிறதென்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டால் அனுப்பிவைப்பார்கள்.

3. காப்பீடு: இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்

"முழுக் காப்பீடு இருக்கிறதே" என்று சொல்பவர்கள், பாலிசியில் 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற பத்தியைப் படிக்காதவர்கள். நம் நாட்டில் தனியார் கார் பாலிசிகளில் பொதுவாக இடம்பெறும் பத்தி அது. வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது, ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலியவற்றுக்குப் பயன்படுத்தினால் பாதுகாப்பு கிடையாது என்று அதில் இருக்கும். "நான் போட்டி போடவில்லை, பழகத்தான் போனேன்" என்று தடத்துக்குள் சுவரில் மோதிய காருக்கு வாதாடிப் பார்க்கலாம். அந்த வாதத்தின்மேல் என் காரை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. கூடுதல் பணம் கட்டி வாங்கிய பூஜ்யத் தேய்மானம், என்ஜின் பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

குன்னூரிலிருந்து செட்டிப்பாளையம் வரை போவதும் திரும்பி வருவதும் சாதாரண சாலைப் பயணம். அதற்குக் காப்பீடு வழக்கம்போல் உண்டு. எனவே பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். தடத்துக்குள் மட்டும் அது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட கணக்கு எளிது. முன் பம்பர், ஒரு முகப்பு விளக்கு, ரேடியேட்டர் மூன்றும் போனால் என்ன ஆகும் என்று பட்டறையில் விலை கேட்டுக்கொண்டேன். அந்தத் தொகை கையில் இல்லாத மாதத்தில் தடத்துக்குப் போவதில்லை. தவணை முடியாத புதுக் காரை எடுத்துப் போகாதீர்கள் என்பதும் இதனால்தான்.

உங்கள் உடலுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடோ மருத்துவக் காப்பீடோ இருந்தால் அதிலும் சாகச விளையாட்டு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் நிறுத்தாத அமைப்பாளரிடம் ஓட்டவே வேண்டாம்.

4. காரைத் தயார் செய்வது: பிரேக், பிரேக், அப்புறம் மற்றவை

மலைக்காரனுக்கு பிரேக் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ற இறுமாப்பு எனக்கும் இருந்தது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பள்ளி நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவன். ஆனால் மலையில் நாம் பிரேக்கை அதிகம் பயன்படுத்துவதே இல்லை. இரண்டாம் கியரில் என்ஜினைப் பிடித்து இறங்குகிறோம். தடத்தில் நேர்ப்பாதையின் முடிவில் நூறுக்கு மேல் வந்து, அடுத்த சில நொடியில் பாதியாகக் குறைக்க வேண்டும். காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. நாற்பதில் வரும் காரை நிறுத்துவதைவிட நூறில் வரும் காரை நிறுத்தும்போது ஆறு மடங்குக்கு மேல் சூடு பிரேக் டிஸ்க்கில் இறங்கும். அதுவும் சுற்றுக்குச் சுற்று, ஆற நேரமில்லாமல்.

எனக்கு முதல் முறை நடந்தது இதுதான். இரண்டாவது சுற்று நேரத்தின் ஐந்தாம் சுற்றில் மிதி சற்று மெத்தென்று ஆனது. இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம் என்று போனேன். அடுத்த வளைவில் மிதித்தால் கால் போய்க்கொண்டே இருக்கிறது, கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, புல்லில் இறக்கி, தூசிக்கு நடுவே நின்றேன். பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ் சேர்ந்துவிட்டது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் வாழ்கிற ஊரில் மூன்று வருடமாக மாற்றாமல் வைத்திருந்தேன். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு தரவரையறை 140 டிகிரிக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. டாட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. ஆகவே போவதற்கு முந்தைய வாரத்தில், மூடி பிரிக்காத புதிய டப்பாவிலிருந்து டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பழையது முழுக்க வெளியேறும்வரை மாற்றுங்கள். டாட் 3 ஓடும் காரில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று எழுதிய சிலிக்கோன் ஆயிலை மட்டும் கலக்கவே கூடாது. எண் பெரியது, நல்லதாக இருக்கும் என்று கடைக்காரர் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஆயில் மாற்றும்போது மேலே தொட்டியில் மட்டும் உறிஞ்சி ஊற்றிவிட்டு "மாற்றியாயிற்று" என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. பக்கத்தில் நில்லுங்கள். குன்னூரில் பெட்போர்டு பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஒவ்வொரு சக்கரத்திலும் கண்ணாடிப் புட்டியில் குழாயை விட்டுப் பிடித்துக் காட்டினார். முதலில் வந்தது கடுங்காப்பி நிறம். தேன் நிறத்தில் தெளிவாக வரும்வரை என்னை மிதிக்கவைத்தார். "தம்பி, இந்தக் காப்பியை நம்பியா அவ்வளவு வேகம் போனீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

முன் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். போட்ட கையோடு தடத்துக்குப் போகாமல், குறைந்தது இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் சாலையில் ஓட்டிப் படியவிடுங்கள். பழைய பேட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதையும் வீல் ஸ்பேனரையும் டிக்கியில் போடுங்கள். தடத்தில் புதுப் பேட் தேய்ந்துபோனால் வீடு வந்து சேர உதவும்.

அடுத்து, நம் ஊர்க் கார்களுக்கே உரிய ஒரு குறை. இங்கே ஏசி போடுவதில்லை. ரேடியேட்டர் விசிறி ஓடுகிறதா என்றே பலருக்குத் தெரியாது, ஓடவேண்டிய தேவை அபூர்வம். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டிருப்போம். கோவை வெயிலில், தடத்தில், அந்த விசிறி ஓடித்தான் ஆக வேண்டும். வீட்டு வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி உடனே சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட்டை முறையான கலவையாக மாற்றிவிடுங்கள்.

டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடத்தைத் தாண்டிய டயர், பட்டை எவ்வளவு இருந்தாலும், தடத்துக்கு வேண்டாம். பக்கச் சுவரில் விரிசலோ வீக்கமோ இருந்தால் மலைப்பாதைக்கே வேண்டாம். புதிய பந்தய டயரெல்லாம் தேவையில்லை.

என்ஜின் ஆயில் அளவுக்கோலில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பேட்டரி ஆடாமல் இறுகி இருக்கட்டும். முன்பக்க இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது, பம்பரில் எந்த மூடியைக் கழற்றி முறுக்க வேண்டும் என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். புல்லில் கிடக்கும் காரை இழுக்க வந்தவர் கேட்கும்போது நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

5. தலைக்கும் காலுக்கும்

முகம் மூடிய முழு ஹெல்மெட் வேண்டும். அரை ஹெல்மெட்டை அனுமதிக்க மாட்டார்கள். பைக் ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்கிறார்களா என்று பதிவின்போது கேளுங்கள், புதியவர்கள் பிரிவில் பெரும்பாலும் ஏற்பார்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ். அடி மெல்லிய, கயிறு கட்டும் ஷூ; தடித்த மலையேற்ற ஷூவில் மிதியின் உணர்வு தெரியாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு உங்கள் காரில் உட்கார்ந்து பாருங்கள். உயரமானவர் என்றால் கூரை இடிக்கும். இருக்கையை இறக்கிச் சாய்வைச் சரிசெய்வது அரைமணி நேர வேலை, அதைத் தடத்தில் செய்ய நேரமிருக்காது.

6. முதல் நாள் மாலையே இறங்கிவிடுங்கள்

குன்னூரிலிருந்து தடம் வரை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குப் பதிவு என்றால் மூன்றரை மணிக்கு இருட்டில் இறங்க வேண்டும். பர்லியாருக்கும் கல்லாறுக்கும் இடையிலும், கோத்தகிரி வழியில் குஞ்சப்பனைப் பக்கமும் யானை நிற்கும் நேரம் அது. பலாப்பழக் காலத்தில் கேட்கவே வேண்டாம். தூக்கமில்லாமல், சூடேறிய பிரேக்கோடு தடத்துக்குள் போவதில் என்ன இருக்கிறது? முதல் நாள் பகலிலேயே இறங்கி, போத்தனூர், ஈச்சனாரிப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தூங்குங்கள். தடத்துக்குள் போகும் முன் அரை டாங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கட்டும். குறைந்த பெட்ரோலோடு வேகமாகத் திருப்பினால் சில கார்கள் இருமும்.

காற்றை மேலே பிடித்துவிட்டு வராதீர்கள். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், கோவை 411. உயர வேறுபாட்டால் மட்டும், மேலே 32 பவுண்டு காட்டிய டயர் கீழே சுமார் இரண்டு பவுண்டு குறைவாகக் காட்டும். ஆனால் குளிரிலிருந்து வெயிலுக்கு வந்த சூடு அதற்கு எதிர்த்திசையில் அளவை ஏற்றும். இரண்டும் சேர்ந்து எங்கே நிற்கும் என்று ஊகிக்காமல், தடத்து நாள் காலையில் வெயில் ஏறும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சொந்த அளவியால் பாருங்கள். நல்ல கையளவி ஒன்று வாங்கிவிடுவது இந்தப் பட்டியலிலேயே மலிவான செலவு.

இன்னொன்று. டர்போ இல்லாத என்ஜின், உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் பத்து சதவீதச் சக்தியை இழக்கும். மேலே ஓட்டிப் பழகிய நமக்குக் கீழே அதே கார் துடியாக இருக்கும். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வளைவுக்கு எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்து சேர்ந்துவிடுவீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. காலையில் நடப்பது

வரிசை, ஆவணச் சரிபார்ப்பு, காரைப் பரிசோதிப்பது, பிறகு விளக்கக் கூட்டம். கூட்டத்துக்கு வராதவர்களை ஓட்டவிட மாட்டார்கள். விடுகிறார்கள் என்றால் அந்த இடம் சரியில்லை. பரிசோதனைக்கு முன் காரைக் காலி செய்யுங்கள்: கால்மிதி விரிப்பு, தண்ணீர்ப் புட்டி, டேஷ்போர்டுப் பிள்ளையார், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, டிக்கியில் ஸ்டெப்னி ஆடினால் அதுவும். என் காரில் முதல் வளைவிலேயே ஒரு நீலகிரித் தைல பாட்டில் எங்கிருந்தோ உருண்டு வந்து கிளட்ச் மிதிக்குக் கீழே புகுந்தது. இரண்டாம் முறை, இருக்கைக்கு அடியில் கை விட்டுத் துழாவிய பிறகுதான் வரிசையில் நின்றேன்.

கொடிகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். மஞ்சள்: முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நின்றுவிட்டது, மெதுவாகப் பிட் லேனுக்கு (கார்கள் வந்து நிற்கும் பக்கப் பாதை) திரும்பு. நீலம்: பின்னால் வேகமான கார், வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தடத்தில் எண்ணெயோ வழுக்கலோ இருக்கிறது. கறுப்புக் கொடி உங்களை நோக்கிக் காட்டப்பட்டால் உள்ளே வந்து என்னவென்று கேளுங்கள். கட்டம் போட்ட கொடி: நேரம் முடிந்தது. புதியவர்கள் கொடியைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் தடத்தோரம் நின்று கொடி காட்டும் மார்ஷல்களின் பொதுவான புலம்பல். முதல் சுற்றிலேயே ஒவ்வொரு மார்ஷல் எங்கே நிற்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

8. தடத்துக்குள்

மலைப் பழக்கங்கள் சில நல்லவை, சில கெட்டவை. தூரப் பார்ப்பது நமக்கு இயல்பாக வரும்; கொண்டை ஊசியில் மேல் வளைவைப் பார்த்துக்கொண்டே திருப்புகிறவர்கள் நாம். விட வேண்டியது மூன்று. ஒன்று, இடது ஓரம் பிடிப்பது. தடத்தில் முழு அகலமும் உங்களுடையது. வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மீண்டும் வெளி ஓரத்துக்கு வர வேண்டும். நான் முதல் மூன்று சுற்றும் எதிரே லாரி வரும் என்பதுபோல் இடப்பக்கம் ஒட்டியே ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். இரண்டு, வளைவுக்கு நடுவே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது. நேராக இருக்கும்போதே உறுதியாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, பிறகு திருப்புங்கள். திருப்பிக்கொண்டே மிதித்தால் பின்பக்கம் லேசாகி வழுக்கும். மூன்று, என்ஜினைப் பிடித்து வேகத்தைக் குறைப்பது. இங்கே அந்த வேலை பிரேக்குடையது. அவசரமாகக் கியர் இறக்கினால் என்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும்.

ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), சறுக்கல் கட்டுப்பாடு எதையும் அணைக்காதீர்கள். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். முன்னே போகிறவர் கையைக் காட்டி அனுமதித்த பிறகு மட்டும். உங்களுக்குப் பின்னால் ஒருவர் வந்தால் வழி விட்டுவிடுங்கள், கெளரவம் ஒன்றும் குறையாது.

பதினைந்து நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன். முதல் சுற்று மெதுவாக, எல்லாம் சூடேற. பிறகு மூன்று சுற்று சற்று வேகமாக. அதன்பின் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு, மறுபடி மூன்று. கடைசிச் சுற்று முழுக்க மெதுவாக. மிதி கொஞ்சம் மெத்தென்று ஆனால், கொஞ்சம் என்றாலும், உடனே உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் கைப் பிரேக்கை இழுக்காதீர்கள், சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பானெட்டைத் திறந்து வையுங்கள். டயர் அழுத்தத்தைப் பாருங்கள்: 32-இல் தொடங்கியது 38, 39 வரை ஏறியிருக்கும். சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைத்தீர்கள் என்று எழுதிவையுங்கள், ஏனென்று அடுத்து வருகிறது.

நமக்கு வெயில் ஒரு தனி எதிரி. இரண்டாம் சுற்று நேரத்துக்குப் பிறகு எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குடிக்க மறந்திருந்தேன். மோர், உப்பு, எலுமிச்சை எது கிடைத்தாலும் குடியுங்கள். களைப்பாக இருந்தால் கடைசிச் சுற்று நேரத்தை விட்டுவிடுங்கள். பணம் கட்டியாயிற்றே என்று ஓட்டும் அந்தச் சுற்றுகளில்தான் கார்கள் புல்லில் இறங்குவதைப் பார்த்தேன்.

9. செலவு

இரண்டாம் முறை எனக்கு ஆனது இது. கட்டணம் 9,000 ரூபாய். முன் பேட் 2,400. பிரேக் ஆயிலும் கூலியும் 1,100. பொது சர்வீஸ் 4,500. எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஹெல்மெட் 3,200. பெட்ரோல் 3,000: தடத்தில் 75 கிலோமீட்டர்தான் ஓட்டினேன், ஆனால் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்தான் கொடுத்தது. இரண்டு இரவு அறை 3,600, சாப்பாடு 1,000. மொத்தம் 27,800. உங்கள் அமைப்பாளரின் கட்டணம் வேறாக இருக்கலாம். மற்றவை ஏறக்குறைய இப்படித்தான் வரும். முதல் முறை பிரேக்குக்கு எதையும் செலவு செய்யாமல் போனேன். பட்டறைக்கு மட்டும் 11,600 கட்டினேன், காரை எடுக்க செவ்வாய்க்கிழமை லீவு போட்டு இறங்கினேன்.

10. திரும்பி ஏறுவது

அன்று மாலையே ஏறாதீர்கள். களைப்பு ஒரு காரணம். இரவில் வனப்பகுதி இரண்டாவது. கார் முழுக்க ஆறிய பிறகுதான் உண்மையான நிலை தெரியும் என்பது மூன்றாவது. மறுநாள் காலையில் அறை வாசலிலேயே பாருங்கள். மிதி முதல் நாள் இருந்த உயரத்தில் கெட்டியாக நிற்கிறதா? பிரேக் ஆயில் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா? சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கசிவு? சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சூடேறி ஆறியதில் தளர்வது உண்டு. கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு, டார்க் ஸ்பேனர் வைத்திருக்கும் கடையில் இறுக்கினால் நிம்மதி.

சூட்டில் காற்றை இறக்கினீர்கள் அல்லவா? அந்த டயர் இப்போது குளிர்ந்து 26, 27 காட்டும். எனக்கு ஒன்று 25 காட்டியது. அப்படியே 14 வளைவுகள் ஏறினால் பக்கச் சுவர் கெடும். கிளம்பும் முன் கையேட்டில் சொன்ன அளவுக்கு நிரப்புங்கள்.

நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 கார் என்றால், மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் தேவையில்லை. கோவைப் பதிவெண்ணில் பழைய கார் வாங்கி இன்னும் முகவரி மாற்றாதவர்கள், 2024 மே முதல் நடப்பில் இருக்கும் இ-பாஸைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு கைபேசியில் சிக்னல் தேட வேண்டாம்.

வீடு வந்த அதே வாரத்தில் முன் சக்கரங்களைக் கழற்றிப் பேட்டை அளக்கச் சொன்னேன். பத்து மில்லிமீட்டராகப் போனது ஆறாக வந்திருந்தது. பிரேக் ஆயிலை மறுபடியும் மாற்றினார் பெட்போர்டு மெக்கானிக். இந்த முறை புட்டியில் வந்தது வெளுத்த தேநீர் நிறம்.